கண்ணாடி இழை எப்படி உணருது? ஆப்டிகல் வேவ்கைடு சென்சார் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஃபைபர் சென்சார் பொருத்தி ரீடிங் எடுக்கற வேலைல இருக்கேன். சைட்ல இருக்கற சிவில் இன்ஜினியர், காலேஜ்ல ப்ராஜெக்ட் பண்ற பசங்க, வீட்டுக்கு வர்ற சித்தப்பான்னு எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விங்களைத்தான் கேட்கறாங்க. அவங்க கேட்ட வார்த்தையிலயே கேள்வியை வெச்சு, எனக்கு தெரிஞ்ச பதிலை இங்க போட்டு வெச்சிருக்கேன். முன்னாடி இருக்கறது எளிசு, போகப் போக கொஞ்சம் கஷ்டமா இருக்கும்.

வேவ்கைடுன்னா என்னங்க, ஃபைபர் கேபிளுக்கு இன்னொரு பேரா?

ஃபைபரும் ஒரு வேவ்கைடுதான், ஆனா எல்லா வேவ்கைடும் ஃபைபர் கிடையாது. ஒளியை நாம போட்டு வெச்ச பாதையிலயே போக வைக்கற எதுவா இருந்தாலும் அது வேவ்கைடு. நடுவுல ஒளிவிலகல் எண் கொஞ்சம் அதிகமான பொருள், சுத்தியும் அதை விட கம்மியான பொருள், ஓரத்துல சாய்வா மோதுற ஒளி வெளிய போகாம உள்ளயே திரும்பிடும், பள்ளிக்கூடத்துல முழு அக எதிரொளிப்புன்னு படிச்சோமே அதேதான். 1840கள்லயே ஜெனீவால டேனியல் கொலாடன், தொட்டியிலேருந்து வளைஞ்சு விழற தண்ணிக்குள்ள ஒளியும் கூடவே வளைஞ்சு வர்றதை எல்லாருக்கும் காட்டியிருக்கார். அங்க தண்ணிதான் வேவ்கைடு.

இன்னிக்கு நம்ம கையில இருக்கற சாதாரண சிங்கிள் மோட் ஃபைபர் 125 மைக்ரான் கனம், அதுல ஒளி ஓடற நடு கோர் வெறும் 8, 9 மைக்ரான்தான். 1966ல சார்லஸ் காவ், கண்ணாடில இருக்கற அழுக்கை எடுத்துட்டா கிலோமீட்டருக்கு 20 டெசிபெல் இழப்புக்குள்ள கொண்டு வந்துடலாம்னு எழுதினார், 1970ல கார்னிங் கம்பெனி அதை செஞ்சே காட்டிடுச்சு. 20 டெசிபெல்னா ஒரு கிலோமீட்டர் போனா நூத்துல ஒரு பங்குதான் மிஞ்சும். இப்போ கிலோமீட்டருக்கு 0.2 டெசிபெல், அதாவது 15 கிலோமீட்டர் போன பிறகும் பாதி ஒளி அப்படியே இருக்கு. காவுக்கு 2009ல நோபல் பரிசு கிடைச்சுது.

இன்னொரு வகை சிப்புக்குள்ள இருக்கறது, 220 நானோமீட்டர் உயரம், 450லேருந்து 500 நானோமீட்டர் அகலத்துக்கு சிலிக்கான்ல ஒரு கோடு. அதைப் பத்தி பின்னாடி தனியா வருது.

ஒளி வெளியவே வராதுன்னா, வெளிய நடக்கறது அதுக்கு எப்படிங்க தெரியும்?

ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, வெளிய நடக்கறது வேவ்கைடையே மாத்திடும். ஃபைபரை இழுத்தா நீளும், சூடு பண்ணா ஒளிவிலகல் எண் மாறும், வளைச்சா கொஞ்சம் ஒளி கசியும். இந்த மாத்தம் எல்லாம் உள்ள ஓடற ஒளியில பதிஞ்சுடும், நாம முனையில உக்காந்து அதைப் படிக்கறோம்.

ரெண்டாவதுதான் அழகானது. முழு அக எதிரொளிப்புல ஒளி ஓரத்தோட நின்னுடுதுன்னு படிச்சோம், ஆனா உண்மையில ஒரு சின்ன வால் மாதிரி வெளியவும் நீண்டுட்டுதான் போகும், ஒரு 100, 200 நானோமீட்டர் தூரத்துக்குள்ள தேய்ஞ்சு போயிடும். அந்த வால் படற இடத்துல ஒரு புரதமோ வைரஸோ வந்து ஒட்டினா ஒளி ஓடற வேகம் துளியூண்டு மாறும். ரத்தம், தண்ணி, வாயு பாக்கற சென்சார்ல பெரும்பாலானது இந்த வாலை நம்பித்தான் வேலை செய்யுது.

எல்லாரும் எஃப்பிஜி எஃப்பிஜின்னு சொல்றாங்க, அது என்ன தனி கருவியா?

தனி கருவி கிடையாது, ஃபைபருக்குள்ளயே எழுதின ஒரு கோட்டு வரிசை. ஃபைபர் பிராக் கிரேட்டிங்னு முழுப் பேரு. கோர்ல ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு, கிட்டத்தட்ட 535 நானோமீட்டருக்கு ஒரு தடவை ஒளிவிலகல் எண்ணை லேசா கூட்டிக் கூட்டி வெச்சா, 1550 நானோமீட்டர் ஒளி மட்டும் திரும்பி வரும், மத்தது நேரா போயிடும். ஃபைபர் நீண்டா கோட்டு இடைவெளியும் நீளும், திரும்பி வர்ற அலைநீளமும் நகரும். ஒரு மைக்ரோஸ்ட்ரெயினுக்கு, அதாவது ஒரு மீட்டர் கம்பி ஒரு மைக்ரான் நீண்டா, 1.2 பிக்கோமீட்டர் நகரும். வெப்பத்துக்கு டிகிரிக்கு சுமார் 10 பிக்கோமீட்டர்.

முதல் தடவை இதைப் பார்க்கறவங்களுக்கு நான் ஒண்ணே ஒண்ணு பண்ணிக் காட்டுவேன். டேபிள்மேல ஃபைபரை டேப் போட்டு ஒட்டி, கிரேட்டிங் இருக்கற இடத்துல லேசா விரலை வைக்கச் சொல்லுவேன். ஸ்க்ரீன்ல இருக்கற கூர்முனை மெதுவா வலது பக்கம் ஊர்ந்து 60, 70 பிக்கோமீட்டர் தள்ளிப் போய் நிக்கும், விரலை எடுத்தா திரும்ப வந்துடும். ஏசி ரூம்ல இருந்த கண்ணாடியை விரல் ஆறேழு டிகிரி சூடாக்கியிருக்கு, அவ்வளவுதான், ஆனா அதைப் பார்த்த பிறகு யாருக்கும் இது வேலை செய்யுமான்னு சந்தேகம் வந்ததில்ல.

இதைக் கண்டுபிடிச்சது 1978ல கனடாவோட ஒட்டாவால கென்னத் ஹில் குழு. ஜெர்மேனியம் கலந்த ஃபைபர்ல ஆர்கான் லேசரை விட்டுட்டு பார்த்துட்டு இருந்தப்ப, திரும்பி வர்ற ஒளி நேரம் ஆக ஆக கூடிட்டே போயிருக்கு. முன்னாடி போற ஒளியும் முனையில பட்டு திரும்பற ஒளியும் சேர்ந்து தானாவே கோட்டு வரிசையை எழுதியிருக்கு. 1989ல மெல்ட்ஸ், மோரி, கிளென் மூணு பேரும் அமெரிக்கால புற ஊதாக் கதிரை பக்கவாட்டுல அடிச்சு வேணுங்கற அலைநீளத்துக்கு எழுத வழி கண்டுபிடிச்சாங்க. அதுக்கப்புறம்தான் இது தொழிலாச்சு.

ஸ்ட்ரெயின் கேஜ் நூறு ரூபாய்க்கும் இருநூறு ரூபாய்க்கும் கிடைக்குதே, இவ்வளவு செலவு பண்ணி இது எதுக்கு?

நாலே நாலு இடத்துல, ஒரு வாரம் மட்டும் அளக்கணும்னா ஸ்ட்ரெயின் கேஜே, அதாவது பொருள் எவ்வளவு நீளுதுன்னு மின்சாரத்துல அளக்கற சின்ன ஒட்டுப் பட்டையையே போடுங்க, நானே அதைத்தான் சொல்லுவேன். ஃபைபரோட பலம் வேற இடத்துல இருக்கு. ஒரே இழையில 1510லேருந்து 1590 நானோமீட்டர் வரைக்கும் ஆளுக்கு 2, 4 நானோமீட்டர் ஒதுக்கினா 20லேருந்து 40 சென்சார் வரிசையா வெக்கலாம், எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு ஒயர். மின்சாரம் ஓடாததால பக்கத்துல ஹை டென்ஷன் லைன் இருந்தாலும் ரீடிங் குதிக்காது. டிரான்ஸ்ஃபார்மர் வைண்டிங்குக்குள்ளயும், எம்ஆர்ஐ மெஷினுக்குள்ளயும் ஃபைபர் போறது இதனாலதான்.

நாள்கணக்கும் முக்கியம். கனடால கால்கரி நகரத்துல பெடிங்டன் டிரெயில் பாலத்துல 1993லயே கட்டும்போதே எஃப்பிஜி வெச்சாங்க, சில வருஷம் கழிச்சுப் போய் பார்த்தப்பவும் ரீடிங் வந்துச்சு. நாசா ஆம்ஸ்ட்ராங் மையம் 2008ல இக்கானாங்கற ஆளில்லா விமானத்தோட இறக்கை மேல முடி கனத்துக்கு ஃபைபரை ஒட்டி, பறக்கும்போதே இறக்கை எவ்வளவு வளையுதுன்னு பார்த்தாங்க. அத்தனை இடத்துக்கு ஸ்ட்ரெயின் கேஜும் ஒயரும் வெச்சா இறக்கையோட எடையே கூடிப்போயிடும்.

எஃப்பிஜி இல்லாம வெறும் கேபிளே முழுக்க சென்சார்னு சொல்றாங்களே, அது எப்படி?

கடந்த பத்து பதினஞ்சு வருஷத்துல பெரிய மாத்தம் இதுதான். எவ்வளவு சுத்தமான கண்ணாடியா இருந்தாலும் அணு அளவுல ஏத்த இறக்கம் இருக்கும், ஓடற ஒளியில ரொம்ப ரொம்ப சின்ன பங்கு எல்லா இடத்துலேருந்தும் திரும்பி சிதறிட்டே இருக்கும். ஒரு சின்ன லேசர் துடிப்பை அனுப்பிட்டு, எத்தனை நேரம் கழிச்சு வருதுன்னு பார்த்தா எந்த இடத்துலேருந்து வந்ததுன்னு தெரிஞ்சுடும். ஃபைபர்ல ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுது, போயிட்டு வர்றதையும் சேர்த்து 10 நானோ நொடி துடிப்புக்கு ஒரு மீட்டர்னு கணக்கு.

திரும்பி வர்றது மூணு விதம். ராமன் சிதறல்ல வெப்பம் தெரியும், சுரங்கப்பாதைல தீ பிடிச்சா கண்டுபிடிக்க, பூமிக்கடியில போற பவர் கேபிள் சூட்டைப் பார்க்க இதைத்தான் போடறாங்க. பிரில்லுவான் சிதறல் சுமார் 11 கிகாஹெர்ட்ஸ் தள்ளி வரும், டிகிரிக்கு ஒரு மெகாஹெர்ட்ஸ் மாறும், இழுத்தாலும் மாறும், அணை, குழாய்லைன் மாதிரி மெதுவா நகர்றதுக்கு நல்லது. ரேலே சிதறல்தான் அதிர்வுக்கு. அதோட கட்டத்தை (ஃபேஸ், அதாவது அலை தன்னோட ஏத்த இறக்கத்துல எந்த நிலையில இருக்குங்கறதை) தொடர்ந்து பார்த்துட்டே இருந்தா ஒவ்வொரு சில மீட்டரும் ஒரு மைக் மாதிரி ஆயிடும், இதைத்தான் டாஸ்னு சொல்றாங்க, டிஸ்ட்ரிபியூட்டட் அகூஸ்டிக் சென்சிங்.

50 கிலோமீட்டருக்கு மேல ஏன் போக மாட்டேங்குது? லேசர் பவரைக் கூட்டினா போதாதா?

பவரைக் கூட்டினா ஒரு அளவுக்கு மேல ஃபைபரே வேற விதமா நடந்துக்க ஆரம்பிக்கும், துடிப்பு உருக்குலைஞ்சு போயிடும். இன்னொண்ணு நேரம். ஒரு துடிப்பு போயிட்டு முழுசா திரும்பி வர்றதுக்குள்ள அடுத்ததை அனுப்பக்கூடாது, இல்லன்னா எது எங்கேருந்து வந்ததுன்னு குழம்பிடும். 50 கிலோமீட்டருக்கு போக வர அரை மில்லி நொடி, அதாவது நொடிக்கு 2000 துடிப்புதான் அனுப்பலாம். தூரம் கூடக் கூட இது இறங்கிட்டே போகும், திரும்பி வர்ற சிக்னலும் மங்கிட்டே போகும். நூறு கிலோமீட்டர் தாண்டினவங்களும் இருக்காங்க, ஆனா அதுக்கு நடுவுல ஒளியைப் பெருக்கற ஏற்பாடு, துடிப்புக்கு குறியீடு குடுக்கறதுன்னு தனி வேலை எல்லாம் வேணும்.

அப்போ எங்க தெருவுல போட்டிருக்கற இன்டர்நெட் ஃபைபர் நாங்க பேசறதைக் கேட்குதா?

இது நியாயமான கேள்வி, சும்மா சிரிச்சுட்டு தள்ளக்கூடாது. இன்டர்நெட்டுக்கு போட்டிருக்கற கருவி அதிர்வைப் பார்க்கறதில்ல, அதுக்கு இன்டராகேட்டர்னு, லேசர் துடிப்பை அனுப்பி திரும்பி வர்றதைப் படிக்கற தனி பெட்டியை முனையில மாட்டணும். மண்ணுக்கடியில குழாய்க்குள்ள கிடக்கற கேபிள்ல பேச்சு வந்து சேர்றதும் கஷ்டம். ஆனா லாரி போறது, ஆள் நடக்கறது, ஜேசிபி தோண்டறது எல்லாம் நல்லாவே தெரியும். அதனால எந்த கேபிள்ல இந்தப் பெட்டியை மாட்டறாங்க, அந்த ரெக்கார்டை யார் வெச்சிருக்காங்க, எத்தனை நாளைக்கு வெச்சிருக்காங்கன்னு கேட்கற உரிமை அந்தத் தெருவுல இருக்கறவங்களுக்கு இருக்கணும்னு நான் உறுதியா நினைக்கறேன். நல்ல விஷயத்துக்குன்னு போட்டதுதான், இருந்தாலும் கேட்கணும்.

நிலநடுக்கம் எரிமலை எல்லாம் கண்டுபிடிக்குதாமே, நிஜமா?

நிஜம்தாங்க. கலிஃபோர்னியால மான்டெரே வளைகுடாவுல ஆராய்ச்சிக்குன்னு ஒரு கடலடி கேபிள் இருக்கு. 2018ல பராமரிப்புக்காக அதை நாலு நாள் நிறுத்தி வெச்சிருந்தப்ப, அதுல 20 கிலோமீட்டரை எடுத்து டாஸ் போட்டு பார்த்தாங்க. சின்ன நிலநடுக்கம் ஒண்ணு பதிவாச்சு, அதுவரைக்கும் வரைபடத்துல இல்லாத கடலடிப் பிளவு இருக்கறதும் தெரிஞ்சுது, 2019ல சயின்ஸ் இதழ்ல வந்துச்சு.

ஐஸ்லாந்துல 2023 நவம்பர்ல கிரிண்டாவிக் ஊரையே காலி பண்ண வேண்டி வந்துச்சே, அதுக்கப்புறம் அந்தப் பகுதியில இருந்த டெலிகாம் ஃபைபர்ல அமெரிக்காவோட கால்டெக் பல்கலைக்கழக ஆளுங்க சுமார் 100 கிலோமீட்டருக்கு டாஸ் மாட்டினாங்க. பூமிக்கடியில மாக்மா பிளந்துட்டு நகரும்போது நிலம் மில்லிமீட்டர் கணக்குல இழுபடும், அந்த மெதுவான இழுப்பை ஃபைபர் பிடிச்சுது. எரிமலைக் குழம்பு வெளிய வர்றதுக்கு அரை மணி நேரத்துலேருந்து சில மணி நேரம் முன்னாடியே எச்சரிக்கை குடுக்க முடிஞ்சுதுன்னு 2025ல வெளியிட்டாங்க. அரை மணி நேரம்னா ஒரு சின்ன ஊர் வண்டி எடுத்துக் கிளம்பப் போதும். இந்தத் துறையில எனக்கு ரொம்பப் பிடிச்ச செய்தி இதுதான்.

நார்வேயோட ஆர்க்டிக் தீவுக் கூட்டமான ஸ்வால்பார்டுல இன்னும் அருமை, 120 கிலோமீட்டர் கடல் கேபிள்ல திமிங்கலம் பாடறதைப் பதிவு பண்ணி 2022ல வெளியிட்டிருக்காங்க.

சென்னையிலேருந்து அந்தமானுக்கு கேபிள் போகுதே, அதை வெச்சு சுனாமியைக் கண்டுபிடிக்க முடியாதா?

2004க்கு அப்புறம் கடலோரத்துல இருக்கறவங்களுக்கு இந்தக் கேள்வி வராம இருக்காது. சென்னையிலேருந்து போர்ட் பிளேருக்கும் மத்த தீவுகளுக்கும் போற கேபிள் மொத்தம் சுமார் 2300 கிலோமீட்டர், 2020 ஆகஸ்ட்ல திறந்தாங்க. சிக்கல் என்னன்னா இவ்வளவு நீளக் கேபிள்ல நடுநடுவுல ஒளியைப் பெருக்கற ரிப்பீட்டர் இருக்கும், அது ஒரே திசையில மட்டும்தான் ஒளியை விடும். டாஸுக்கு வேண்டிய திரும்பி வர்ற சிதறல் முதல் ரிப்பீட்டர் வரைக்கும்தான் கிடைக்கும், அதுக்கப்புறம் இருட்டு.

அதைத் தாண்ட ரெண்டு முயற்சி நடந்திருக்கு. லாஸ் ஏஞ்சலஸ்லேருந்து சிலி நாட்டு வால்பரைசோவுக்குப் போற கூகுளோட கியூரி கேபிள்ல, டேட்டா போற ஒளியோட துருவமுனைப்பு, அதாவது ஒளி அலை ஆடற திசை, மாறறதை வெச்சே நிலநடுக்கத்தையும் கடல் அலையையும் பார்த்தாங்க, புதுசா எந்தக் கருவியும் மாட்டல, 2021ல வந்துச்சு. ஆனா அதுல 10,000 கிலோமீட்டரும் ஒரே சென்சார், எந்த இடம்னு பிரிக்க முடியாது. அடுத்த வருஷம் பிரிட்டன் தேசிய இயற்பியல் ஆய்வகத்து ஆளுங்க, பிரிட்டனுக்கும் கனடாவுக்கும் நடுவுல இருக்கற 5860 கிலோமீட்டர் கேபிள்ல, ரிப்பீட்டருக்குள்ள ஏற்கனவே இருக்கற திரும்பற பாதையைப் பயன்படுத்தி கேபிளைத் துண்டு துண்டா பிரிச்சுப் படிச்சுட்டாங்க. அந்த முறையில வழி இருக்குன்னு நான் நம்பறேன். கேபிள் போடும்போதே அழுத்தம், வெப்பம் அளக்கற சென்சாரை ரிப்பீட்டரோட சேர்த்துப் போடறது இன்னொரு வழி.

ரயில் தண்டவாளத்துல யானையைக் கண்டுபிடிக்கறதும் இதுதானா? மதுக்கரையில இருக்கே?

மதுக்கரையில இருக்கறது வேற. கோயம்புத்தூர் பக்கம் தமிழ்நாடு வனத்துறை 2024ல போட்டது டவர் மேல வெப்பக் கேமரா, கம்ப்யூட்டர் அந்தப் படத்தைப் பார்த்து யானைன்னு சொல்லும். ஃபைபர்ல பண்றது வடகிழக்கு எல்லை ரயில்வேயோட கஜராஜ். தண்டவாளத்தை ஒட்டி சிக்னலுக்கும் போனுக்கும் ஏற்கனவே ஃபைபர் ஓடுது இல்லையா, அதுலயே டாஸ் போட்டு யானை காலடி அதிர்வைப் பிடிச்சு ஸ்டேஷனுக்கு சொல்லிடும். அலிப்பூர்துவார் கோட்டத்துல முதல்ல பண்ணிப் பார்த்துட்டு விரிவாக்கினாங்க.

ரெண்டுக்கும் அதது இடம் இருக்கு. கேமரா யானை தண்டவாளத்துக்கு வர்றதுக்கு முன்னாடி, காட்டு ஓரத்துல நிக்கும்போதே காட்டும், ஆனா டவர் இருக்கற இடத்துல மட்டும்தான். ஃபைபர் பல கிலோமீட்டரை ஒரே பெட்டியில பார்க்கும், மழை மூடுபனி எதுவும் அதுக்கு ஒண்ணும் இல்ல, ஆனா யானை கிட்ட வந்து காலை வெச்சாத்தான் தெரியும். காலடியா, மாடா, தண்டவாள வேலை ஆளா, தூரத்து சரக்கு ரயிலான்னு பிரிக்கறதுதான் அங்க உழைப்பே.

அந்த சிப்பு வேவ்கைடு என்னாச்சு? சொல்றேன்னு சொன்னீங்களே?

முன்னாடி ஒரு வால் வெளிய நீளுதுன்னு சொன்னேன்ல, சிப்புல அதைத்தான் வேலை வாங்கறோம். சிலிக்கான் கோட்டை ஒரு சின்ன வளையமா போட்டு, பக்கத்துல உரசாம ஒரு நேர்கோட்டை ஓட விட்டா, வளையத்தோட சுத்தளவுக்குள்ள முழுசா அடங்கற அலைநீளம் மட்டும் வளையத்துக்குள்ள ஏறி பல தடவை சுத்தும். வளையத்து மேல ஆன்டிபாடி பூசி வெச்சு ரத்தத் துளியை ஓட விட்டா, தேடற புரதம் வந்து ஒட்டும், அந்த அலைநீளம் கொஞ்சம் நகரும். ஒளி திரும்பத் திரும்ப அதே மூலக்கூறை தொட்டுட்டே சுத்தறதாலதான் இத்தனூண்டு வளையத்துக்கு இவ்வளவு உணர்வு. விரல் நகம் அளவு சிப்புல டஜன் கணக்குல வளையம் வெச்சு, ஒவ்வொண்ணும் வேற வேற புரதத்தைப் பார்க்கலாம்.

2004ல கார்னெல் பல்கலைக்கழகத்துல மிக்கேல் லிப்சன் குழு இன்னொரு வழி காட்டினாங்க, ரெண்டு சிலிக்கான் கோட்டுக்கு நடுவுல சின்ன பள்ளம் விட்டா ஒளியில நல்ல பங்கு அந்தப் பள்ளத்துலயே ஓடும், அதாவது வால் மட்டும் இல்லாம உடம்பே நாம சோதிக்கற துளியோட உரசும். இப்போ பலரும் சிலிக்கான் நைட்ரைடுக்கு மாறிட்டு வர்றாங்க, காரணம் 1550 நானோமீட்டரை தண்ணி நல்லா உறிஞ்சிடுது, நைட்ரைடுல தண்ணி தொந்தரவு பண்ணாத குறைஞ்ச அலைநீளத்துல வேலை செய்யலாம்.

அப்படின்னா ஒரு சொட்டு ரத்தத்துல எல்லா டெஸ்ட்டும் எங்க ஊர் லேப்ல ஏன் இன்னும் வரல?

சிப்பு ரெடிதான், சுத்தி இருக்கறது இழுக்குது. சிலிக்கான் வளையம் ஒரு டிகிரிக்கு 70, 80 பிக்கோமீட்டர் நகரும். கம்மி அளவுல இருக்கற புரதம் ஒட்டினா வர்ற நகர்வு சில பிக்கோமீட்டர்தான் இருக்கும், அதாவது டிகிரில பத்துல ஒரு பங்கு வெப்பம் மாறினாலே நோய் இருக்கற மாதிரி காட்டிடும். அதனால ஆன்டிபாடி பூசாத ஒரு வளையத்தை பக்கத்துலயே வெச்சு ரெண்டையும் கழிச்சுப் பார்க்கறாங்க. ரத்தத்துல இருக்கற மத்த புரதமெல்லாம் சும்மா வந்து ஒட்டிக்கறது அடுத்த தலைவலி, இதை வெறும் கழித்தல்ல சரி பண்ண முடியாது, மேல்பூச்சுல வேதியியல் வேலை பண்ணணும். அரை மைக்ரான் கோட்டுக்குள்ள லேசரை சரியா நுழைக்கறது, ஆன்டிபாடி கெடாம மாசக்கணக்குல வெச்சிருக்கறதுன்னு இன்னும் இருக்கு.

செலவு கம்மியா போற வழியையும் விட்டுடக்கூடாது. ஐஐடி மெட்ராஸ்ல ஃபைபரை யூ மாதிரி வளைச்சு, வளைஞ்ச இடத்துல உறையை எடுத்துட்டு, தங்கத் துகளோட சேர்த்து சாதாரண எல்இடி விளக்கு, டிடெக்டர் வெச்சே பயோசென்சர் பண்றாங்க. நம்ம ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு முதல்ல வந்து சேரப்போறது இந்த மாதிரி ஒண்ணுதான்னு என் எண்ணம்.

ஊசி குத்தாம சுகர் பார்க்கற வாட்ச் ஆன்லைன்ல விக்குதே, அதுவும் இந்த டெக்னாலஜிதானா? வாங்கலாமா?

வாங்காதீங்க. தோல் வழியா ஒளியை விட்டு சுகர் அளக்க பெரிய பெரிய கம்பெனிங்க வருஷக்கணக்கா முயற்சி பண்றாங்க, சிப்பு வேவ்கைடும் அதுல ஒரு வழி. ஆனா தோலுக்குள்ள தண்ணி, கொழுப்பு, புரதம் எல்லாம் அதே அலைநீளத்தை உறிஞ்சுது, சுகர் குடுக்கற சிக்னல் அதுக்குள்ள மூழ்கிடுது. தோலைக் குத்தாம தானாவே சுகரை அளக்கறேன்னு சொல்ற எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி குடுக்கலைன்னு அமெரிக்க மருந்து, மருத்துவக் கருவி கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரில வெளிப்படையாவே எச்சரிச்சுது. அந்த எண்ணை நம்பி இன்சுலின் போட்டா உயிருக்கே ஆபத்து, வீட்ல அம்மா அப்பாவுக்கு யாராவது வாங்கிக் குடுத்திருந்தா தயவு செஞ்சு எடுத்துச் சொல்லுங்க.

உடம்புக்குள்ளயே ஃபைபர் விடறாங்கன்னு படிச்சேன், எதுக்கு?

இதய ரத்தக்குழாய்ல அடைப்பு இருந்தா, ஸ்டென்ட் வைக்கணுமா வேண்டாமான்னு முடிவு பண்ண, அடைப்புக்கு முன்னாடியும் பின்னாடியும் அழுத்தம் பார்ப்பாங்க. பின்னாடி இருக்கறது முன்னாடி இருக்கறதுல 0.80 பங்குக்கு மேல இருந்தா பெரும்பாலும் ஸ்டென்ட் தேவைப்படாது. அதுக்கு 0.36 மில்லிமீட்டர் கனமுள்ள கம்பி உள்ள போகுது, முனையில ஃபைபரும் ஒரு குட்டி சவ்வும் வெச்சு, சவ்வு அமுங்கறதை ஒளியில படிக்கற வகையும் இப்போ நடைமுறையில இருக்கு. இன்னொண்ணு வடிவம் காட்டறது. ஒரே இழையில பல கோர் வெச்சு, எந்தப் பக்கம் இழுபடுது எந்தப் பக்கம் அமுங்குதுன்னு பார்த்தா முழு வளைவையும் கணக்குப் போட்டுடலாம், எக்ஸ்ரே இல்லாமலே கத்தீட்டர், அதாவது ரத்தக்குழாய்க்குள்ள விடற மெல்லிய குழாய், எங்க எப்படி வளைஞ்சிருக்குன்னு திரையில தெரியும். தினமும் எக்ஸ்ரே ரூம்ல ஈயக் கவசத்தோட நிக்கற டாக்டருக்கும் நர்ஸுக்கும் இது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க.

சார், எஃப்பிஜி வெப்பத்துக்கும் நகருது இழுத்தாலும் நகருது, எதுன்னு எப்படி பிரிப்பீங்க?

சரியான கேள்வி, பாதி ப்ராஜெக்ட் இங்கதான் கெட்டுப்போகுது. விரல் வெச்சப்ப வெறும் ஃபைபர், டிகிரிக்கு 10 பிக்கோமீட்டர். அதையே இரும்பு உத்தரத்துல ஒட்டினா இரும்பு விரியறதும் சேர்ந்துக்கும், கிட்டத்தட்ட 24 பிக்கோமீட்டர் ஆயிடும். மத்தியான வெயில்ல இரும்பு 20 டிகிரி சூடாச்சுன்னா 480 பிக்கோமீட்டர், அதை அப்படியே ஸ்ட்ரெயின்னு படிச்சா 400 மைக்ரோஸ்ட்ரெயின், பாலத்து மேல ஒரு வண்டியும் இல்லாதப்பவே 80 மெகாபாஸ்கல் சுமை வந்த மாதிரி ரிப்போர்ட் போயிடும்.

நான் பண்றது எளிய வழி, பக்கத்துலயே இன்னொரு கிரேட்டிங்கை சின்ன குழாய்க்குள்ள ஒட்டாம தளர்வா விட்டுடுவேன், அது வெப்பத்தை மட்டும் சொல்லும். அதோட கனெக்ட் பண்ணி ஒரு முழு நாள், ராத்திரியும் சேர்த்து, சுமை இல்லாம ரீடிங் எடுத்து வெச்சுக்குவேன். கேபிள் முழுக்க அளக்கறப்போ ராமனையும் பிரில்லுவானையும் சேர்த்துப் போடலாம், முன்னாடி சொன்ன மாதிரி ராமனுக்கு இழுப்பு தெரியாது, வெப்பம்தான் தெரியும், கழிச்சா மிச்சம் ஸ்ட்ரெயின்.

நல்ல பெட்டி, நல்ல ஃபைபர், எல்லாம் இருந்தும் ரீடிங் நாளுக்கு நாள் இறங்குது. ஏன்?

பசையைப் பாருங்க முதல்ல. ஃபைபர் மேல பாலிமர் பூச்சு, அதுக்கு மேல பசை, அதுக்கடியில பெயின்ட், அப்புறம்தான் இரும்பு. நீங்க அளக்கறது கடைசி அடுக்கை, ஃபைபர் உணர்றது முதல் அடுக்கை, நடுவுல எது நழுவினாலும் எண் குறையும். ஒரு தடவை நான் பெயின்ட்டை சரியா சுரண்டாம ஒட்டிட்டேன், ஒரு மாசத்துல ரீடிங் படிப்படியா இறங்கி, பாலம் தளர்ந்துட்டு வருதோன்னு எல்லாரும் பயந்துட்டாங்க, போய் நகத்தால தட்டிப் பார்த்தா ஃபைபர் பெயின்ட்டோட சேர்ந்து எழும்பி வருது. அதுலேருந்து வெறும் உலோகம் பளபளன்னு தெரியற வரைக்கும் தேய்ச்சு, துடைச்சு, பசை காயற நேரம் முழுசா குடுத்துட்டுத்தான் அடுத்த வேலை.

ஒரு நாளைக்கு டேட்டா எவ்வளவு வரும்? ஏஐ போட்டா எல்லாம் தானா தெரிஞ்சுடுமா?

50 கிலோமீட்டர், மீட்டருக்கு ஒரு புள்ளி, நொடிக்கு ஆயிரம் தடவை, ஒவ்வொண்ணும் 4 பைட்னு வெச்சா நொடிக்கு 200 மெகாபைட், ஒரு நாளைக்கு 17 டெராபைட் தாண்டிடும். அதனால பெட்டி பக்கத்துலயே வடிகட்டிட்டு தேவையானதை மட்டும்தான் வெச்சுக்கறாங்க. கத்துக்கற மென்பொருள் நிஜமாவே உதவுது, ஜேசிபி தோண்டறதையும் லாரி போறதையும் மனுஷன் உக்காந்து பிரிக்க முடியாது. ஆனா மணல்ல கத்துக்கிட்டது களிமண்ல தப்பு பண்ணும், கோடையில கத்துக்கிட்டது மழையில தடுமாறும், அந்தந்த இடத்துலேருந்து உதாரணம் சேகரிச்சுக் குடுக்கணும். யானைக்கும் இதேதான்.

கடைசியா ஒண்ணு, நடுவுல ஃபைபர் அறுந்துட்டா அதோட எல்லாம் போச்சா?

அறுந்த இடம் வரைக்கும் வேலை செய்யும், அதுக்கப்புறம் இருக்கறதுதான் தெரியாது. அதனால போடும்போதே ரெண்டு முனையையும் பெட்டிக்குக் கொண்டு வந்துடுங்க, நடுவுல அறுந்தா ரெண்டு பக்கத்துலேருந்தும் படிச்சுக்கலாம், ஒரு சென்சாரும் போகாது. அறுந்த இடத்தையும் அதே லேசர் துடிப்பை வெச்சே மீட்டர் கணக்குல கண்டுபிடிச்சுடலாம், ஆள் போய் ஸ்ப்ளைஸ் போட்டா, அதாவது அறுந்த ரெண்டு முனையையும் இணைச்சா, திரும்ப ஓடும். சைட்ல இருக்கறவங்க கிட்ட மட்டும் கேபிள் எந்த வழியா போகுதுன்னு பெயின்ட்ல அம்புக்குறி போட்டுக் காட்டிட்டு வாங்க, ஏன்னா நான் பார்த்த வரைக்கும் அதிகமா அறுந்தது வெல்டிங் பண்ற அன்னிக்குத்தான்.